மணமும் மன்றமும்

மதுரையிலிருந்து திண்டுக்கல்லுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், வைகைக்கு வடபால் அமைந்தது பரவை என்னும் எங்கள் ஊர். காய்கறிச் சந்தையும் கண்மாயும் வயலும் கொண்ட ஊர். என் இளமையில் இவ்வூரார் பெண் கொடுத்ததும் எடுத்ததும் பெரும்பாலும் சமயநல்லூர், வாடிப்பட்டி, சோழவந்தான் என்னும் எல்லைக்குள்ளேயே. மணமகளைக் கணவன் வீட்டுக்கு அனுப்ப ஒரு மாட்டுவண்டி போதும். பிற்காலத்தில் ஒரு வாடகைக் கார் போதும். எந்த அரசாங்கத்தின் இசைவும் அதற்கு வேண்டியிருக்கவில்லை.

சென்ற கோடையில், என்னிடம் பத்தாம் வகுப்புப் படித்த மாணவன் ஒருவன் கையில் ஒரு தடித்த கோப்புடன் என் வீட்டுக்கு வந்தான். அவன் கடல் கடந்த நாடு ஒன்றில் பொறியாளனாகப் பணிபுரிகிறான்; அங்கே நிலையாகத் தங்கும் உரிமையும் பெற்றவன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் விடுமுறையில் வந்து, குலதெய்வக் கோயிலில் மணம் செய்துகொண்டான். அதைப் பதிவு செய்யவில்லை. மனைவியைத் தன்னுடன் அழைத்துக்கொள்ள விண்ணப்பித்தபோது, அந்நாட்டு அலுவலகம் திருமணச் சான்று கேட்டது, புகைப்படங்கள் கேட்டது, இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்களையும் கேட்டது. அவன் மனைவியோ பெற்றோர் வீட்டில் காத்திருக்கிறாள்.

அவனுடன் வந்திருந்த அவனுடைய பாட்டி, திண்ணையில் அமர்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். இறுதியில் என்னை நோக்கி, “ஏன் வாத்தியாரய்யா, ஊரே பாத்து நடந்த கல்யாணத்துக்குக் காகிதமா சாட்சி சொல்லணும்?” என்று கேட்டார்.

நான் உடனே விடை கூறவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத அம்முதியவள் கேட்ட இக்கேள்வியைத் தமிழ்ப் பெண்கள் நூறு ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு கண்டத்தில் கேட்டிருக்கிறார்கள். அதற்காகச் சிறை சென்றிருக்கிறார்கள். ஒருத்தி உயிரும் கொடுத்திருக்கிறாள். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு கற்பித்தவன். தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகத்தைப் பற்றி ஆண்டுதோறும் வகுப்பில் பேசியவன். ஆயினும் அப்போராட்டத்தில் திருமணம் பற்றிய பகுதியை ஒரே வரியில் கூறிவிட்டு அடுத்த பாடத்துக்குச் சென்றுவிடுவதே என் வழக்கம். ஒரு முறை ஒரு மாணவி எழுந்து, “தில்லையாடி வள்ளியம்மை எதற்காக ஐயா சிறைக்குப் போனாள்?” என்று கேட்டாள். “காந்தியடிகள் அழைத்தார், போனாள்” என்று சொல்லி அவளை உட்கார வைத்தேன். அது விடையன்று. அந்தப் பிழைக்கு ஈடாகவே இன்று இவ்வுரையை ஆற்றுகின்றேன்.

மாணவ நண்பர்களே, கதையைத் தொடக்கத்திலிருந்து பார்ப்போம்.

1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ‘துரூரோ’ என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. அதில் வந்தோர் 342 பேர். நேட்டால் மாகாணத்தின் கரும்புத் தோட்டங்களில் ஐந்தாண்டு உழைப்பதாக ஒப்பந்தம் செய்துகொண்டவர்கள் அவர்கள். அன்று தொடங்கி 1911ஆம் ஆண்டு வரை அவ்வாறு சென்றவர்களின் தொகை 1,52,000க்கும் மேற்பட்டது. அவர்களில் பெரும்பகுதியினர் சென்னை மாகாணத்திலிருந்து சென்ற தமிழரும் தெலுங்கருமே ஆவர். ஒப்பந்தக் காலம் முடிந்த பின் பலர் அங்கேயே தங்கிக் காய்கறி பயிரிட்டனர், கடை வைத்தனர், சுரங்கங்களில் வேலை செய்தனர். வணிகத்தின் பொருட்டுத் தம் செலவில் சென்ற குஜராத்தியரும் இருந்தனர்.

உழைப்பு வேண்டும், உழைத்தவர் தங்கக் கூடாது என்பதே அங்கிருந்த வெள்ளையர் பலரின் எண்ணம். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள்மேல் ஆண்டுக்கு 3 பவுன் தலைவரி விதிக்க 1895ஆம் ஆண்டில் நேட்டால் அரசு சட்டம் செய்தது. ஒப்பந்தத் தொழிலாளி ஒருவனின் தொடக்கக் கூலி மாதம் 10 ஷில்லிங்; 20 ஷில்லிங் சேர்ந்தது ஒரு பவுன். எனவே மூன்று பவுன் என்பது ஆறு மாதக் கூலி. குடியேற்றச் சட்டங்கள் மற்றொரு பூட்டாக அமைந்தன. புதிதாக வருவோர் ஏதேனும் ஓர் ஐரோப்பிய மொழியில் எழுதிக் காட்டல் வேண்டும் என்று அச்சட்டங்கள் கூறின. ஆனால் நிலையாகக் குடியிருப்பவரின் மனைவிக்கும் வயது வராத பிள்ளைகளுக்கும் அத்தேர்வு இல்லை. ‘மனைவி’ என்னும் ஒரு சொல்லே துறைமுகக் கதவைத் திறக்கும் சாவியாக இருந்தது. அச்சொல்லின் பொருள் என்ன என்று நெடுங்காலம் எவரும் வினவவில்லை.

1913ஆம் ஆண்டில் அந்த வினா எழுந்தது. கேப் மாகாணத்தில் குடியிருந்த ஹாசன் ஈசப் என்னும் இந்திய முஸ்லிம், தாயகம் சென்று தம் சமய முறைப்படி பாய் மரியம் என்னும் பெண்ணை மணந்து, பின்னர் உடன் அழைத்து வந்தார். அம்மையார் நாட்டுக்குள் வர அதிகாரிகள் இசையவில்லை. வழக்கு கேப் உயர்மன்றத்துக்குச் சென்றது. 1913 மார்ச் 14ஆம் நாள் நீதிபதி சியர்ல் தீர்ப்பு வழங்கினார். ஒருவன் ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரைக் கொள்ள இடந்தரும் சமயத்தின் முறைப்படி நடந்த மணத்தை அந்நாட்டுச் சட்டம் மணமாக ஏற்காது; ஆகவே அவ்வாறு மணந்தவள் குடியேற்றச் சட்டம் கூறும் ‘மனைவி’ ஆகாள் என்பது தீர்ப்பின் சாரம். ஈசப்புக்கு வேறு மனைவி உண்டா, இல்லையா என்பது அங்கே கேள்வியாக இல்லை. அவர் சமயம் இடந்தருகிறது என்பதே போதுமானதாயிற்று.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். அக்காலத்து இந்துச் சமய நெறியும் பலதார மணத்துக்கு இடந்தந்தது. எனவே, ஒரே மனைவியுடன் அறவழியில் வாழ்ந்த பல்லாயிரம் இந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள் ஆகியோரின் திருமணங்கள் ஒரே நாளில் ஐயத்துக்கு உள்ளாயின. கிறிஸ்தவ முறைப்படி நடந்தவையும் பதிவாளர் முன் பதிவானவையுமே சட்டத்தின் முன் நின்றன. ஊர் சென்று திரும்பும் மனைவியைத் துறைமுகத்திலேயே திருப்பி அனுப்பலாம். பிள்ளைகள் தந்தையின் சொத்துக்கு உரிமை கோருவதில் சிக்கல் எழலாம். பொருள் இழப்பைவிடப் பெரிதாக இருந்தது மான இழப்பு. இருபது ஆண்டு இல்லறம் நடத்திய தாயைப் பார்த்து, “நீ யார்?” என்று ஓர் அரசாங்கம் கேட்டுவிட்டது.

அதுகாறும் காந்தியடிகள் பெண்களைச் சிறைப் போராட்டத்துக்கு அழைத்ததில்லை. இத்தீர்ப்புக்குப் பின் அந்த எல்லை மறைந்தது. அவமதிப்புக்கு ஆளானோர் பெண்களாக இருக்கையில், போராட்டத்தில் மட்டும் அவர்களுக்கு இடமில்லை என்று சொல்வது எவ்வாறு பொருந்தும்? மூன்று பவுன் வரி, திருமணச் சிக்கல், குடியேற்றக் கட்டுப்பாடுகள் ஆகியவற்றை முன்வைத்து 1913 செப்டம்பரில் போராட்டம் மீண்டும் தொடங்கியது. செப்டம்பர் 15ஆம் நாள் பீனிக்ஸ் குடியிருப்பிலிருந்து பதினாறு பேர் கொண்ட முதல் அணி புறப்பட்டது. அதில் நால்வர் பெண்கள். அவர்களுள் ஒருவர் கஸ்தூரிபாய் அம்மையார். அனுமதியின்றி மாகாண எல்லையைக் கடந்ததற்காக அவர்களுக்கு மூன்று மாதக் கடுங்காவல் கிடைத்தது.

மற்றோர் அணி, ஜோகனஸ்பர்க் நகருக்கு அண்மையில் இருந்த டால்ஸ்டாய் பண்ணையைச் சேர்ந்த பெண்களுடையது. பதினொருவர் அடங்கிய அவ்வணியில் ஒருவர் தவிர ஏனையோர் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். தம்பி நாயுடுவின் மனைவி வீரம்மாள் அவர்களுள் ஒருவர். கைக்குழந்தைகளை ஏந்தியவர்களும் இருந்தனர். அவர்கள் எல்லையைக் கடந்தார்கள், அதிகாரிகளோ சிறைப்படுத்தவில்லை. எனவே நியூகாசில் என்னும் ஊரின் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று, அங்கு உழைத்த இந்தியத் தொழிலாளரிடம் மூன்று பவுன் வரியின் கொடுமையை எடுத்துரைத்தார்கள். சொன்னவர்கள் பெரும்பாலும் பள்ளிப்படிப்பு இல்லாதவர்கள். ஆனால் கேட்டவர்களின் மொழியில் சொன்னார்கள். அக்டோபர் நடுவில் சுரங்க வேலை நின்றது. பெண்களும் சிறைப்பட்டனர், மூன்று மாதத் தண்டனை பெற்று மாரிட்ஸ்பர்க் சிறைக்கு அனுப்பப்பட்டனர்.

இங்கே ஒருவரை நாம் மறத்தல் ஆகாது. நியூகாசிலில் வாழ்ந்த லாசரஸ் என்னும் தமிழ்க் கிறிஸ்தவர், இரண்டு மூன்று அறைகளே கொண்ட தம் சிறு வீட்டைக் காந்தியடிகளுக்குத் திறந்துவிட்டார். வேலை நிறுத்தம் செய்து வெளியேறிய தொழிலாளர் கூட்டம் அவ்வீட்டைச் சுற்றித் திரண்டது. சியர்ல் தீர்ப்பு கிறிஸ்தவ முறையில் நடந்த திருமணத்தைத் தொடவில்லை. தமக்கு இழப்பில்லாத ஒரு வழக்கில் தம் வீட்டையும் வாழ்வையும் அவர் பணயம் வைத்தார். அண்டை வீட்டுக்காரனின் மானம் தம் மானம் என்று கருதுவோர் இருப்பதாலேயே சமுதாயம் என்னும் சொல்லுக்குப் பொருள் இருக்கிறது.

நவம்பர் 6ஆம் நாள் சார்லஸ்டவுனிலிருந்து புகழ்பெற்ற அணிவகுப்பு புறப்பட்டது. ஆடவர் 2,037 பேர், பெண்டிர் 127 பேர், குழந்தைகள் 57 பேர். வழியில் காந்தியடிகள் நான்கு நாட்களில் மூன்று முறை சிறைப்படுத்தப்பட்டார். தொழிலாளர்கள் ரயிலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். சுரங்க வளாகங்களே சிறைகளாக்கப்பட்டன. கிளர்ச்சி கரும்புத் தோட்டங்களுக்கும் பரவியது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாய்ந்தன. தாயகம் கொதித்தது. கோகலே நிதி திரட்டினார். இந்தியாவின் ஆட்சித் தலைவரான ஹார்டிஞ்சு பிரபுவே அதே மாதம் சென்னையில் பேசியபோது, போராடுவோரிடம் தம் பரிவை வெளிப்படையாகக் கூறினார். தென்னாப்பிரிக்க அரசு, சாலமன் என்னும் நீதிபதியின் தலைமையில் விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது.

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். வள்ளியம்மை 1898ஆம் ஆண்டில் ஜோகனஸ்பர்க்கில் பிறந்தவள். தந்தை முனுசாமி முதலியார். தாய் மங்களத்தின் ஊரான தில்லையாடி, தரங்கம்பாடிக்கு அருகில் இருக்கிறது. அச்சிற்றூரை அவள் கண்ணால் கண்டதில்லை. பதினைந்து வயதில் தாயுடன் போராட்டத்தில் சேர்ந்து மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றாள். மாரிட்ஸ்பர்க் சிறையில் கொடுங்காய்ச்சல் கண்டது. விடுதலையாகி வீடு திரும்பியவள், எலும்பும் தோலுமாய்ப் படுக்கையில் கிடந்து, 1914 பிப்ரவரி 22ஆம் நாள் உயிர் நீத்தாள். சிறை சென்றதற்காக வருந்துகிறாயா என்று காண வந்த காந்தியடிகள் கேட்டபோது, மீண்டும் செல்லவும் ஆயத்தம் என்னும் கருத்துப்பட விடை தந்தாள் என்று அவரே பதிவு செய்திருக்கிறார்.

வள்ளியம்மைக்கு மணமாகவில்லை. மனைவியரின் உரிமைக்காகச் சிறை சென்ற அப்பெண் யாருக்கும் மனைவியாக இருந்தவள் அல்லள். அவள் பாதுகாக்க விரும்பியது தன் தாயின் மதிப்பையும், தன் போன்ற பெண்கள் நாளை அடையப்போகும் மதிப்பையுமே என்று கொள்வதில் பிழையில்லை. வகுப்பில் நான் சொல்லத் தவறிய விடை இதுதான்.

1914ஆம் ஆண்டில் இந்தியர் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. மூன்று பவுன் வரி ஒழிந்தது. இந்தியச் சமய முறைப்படி நடந்த மணத்தில் ஒருவருக்கு ஒரு மனைவி என்னும் அளவில் சட்டம் ஏற்பு அளித்தது. அம்மனைவியும் அவள் பெற்ற இளம் பிள்ளைகளும் நாட்டுக்குள் வர வழி பிறந்தது. இந்தியச் சமயகுருமாரையும் திருமண அதிகாரிகளாக நியமிக்கலாம் என்றும் ஆயிற்று. காந்தியடிகள் அவ்வாண்டு ஜூலை 18ஆம் நாள் தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்டார்.

ஆயினும் வரலாற்றில் எந்த வெற்றியும் காவலின்றி நிலைப்பதில்லை. 1953ஆம் ஆண்டில் அந்நாட்டின் இன ஒதுக்கல் அரசு, இந்திய வம்சாவளியினர் வெளிநாட்டில் மணந்த மனைவியரை அழைத்து வரும் உரிமையை மீண்டும் சட்டத்தால் பறித்தது. 1994இல் இன ஒதுக்கல் ஆட்சி முடிவுற்றது. அதன் பின், குடிமக்களை மணந்த வெளிநாட்டினர் நாட்டிலேயே தங்கி நிலையான வசிப்புரிமைக்கு விண்ணப்பிப்பதைப் பற்றிய வழக்கொன்று அதே கேப் நகர் மன்றத்தில் தொடங்கி, அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குச் சென்றது. தாவூத் வழக்கு என்று அதனைக் கூறுவர். மணந்தவர் இணைந்து வாழ்வது மனித மாண்பின் பகுதி. எந்தக் காரணத்துக்காக மறுக்கலாம் என்னும் வரையறை இன்றி, தற்காலிக அனுமதியை மறுக்கும் அதிகாரத்தை அதிகாரிகளிடம் விட்டுவைக்கும் சட்டம் செல்லாது என்று 2000ஆம் ஆண்டில் அம்மன்றம் தீர்ப்பளித்தது. முஸ்லிம் முறைத் திருமணங்களுக்கு முழு ஏற்பு வழங்காதது அரசியலமைப்புக்கு முரண் என்று 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் அதே நீதிமன்றம் கூறியது. பாய் மரியத்தின் வழக்கு நடந்து அப்போது 109 ஆண்டுகள் கடந்திருந்தன.

பிற நாட்டாரை மட்டும் குறை கூறி அமைதல் நமக்கு அழகன்று. 1953ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம், சமயச் சடங்கின்றி நடந்த சுயமரியாதைத் திருமணம் ஒன்றைச் செல்லாது என்று கூறியது. ஊரறிய மணந்து வாழ்ந்தவர்கள் நம் மண்ணிலேயே அதே இழிவைச் சுமந்தார்கள். அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1967ஆம் ஆண்டில் சட்டமன்றம் இந்துத் திருமணச் சட்டத்தைத் திருத்தியது. புரோகிதரின்றி, உற்றார் முன்னிலையில் மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ நடக்கும் மணம் செல்லும் என்றாயிற்று. முன்பு நடந்த மணங்களுக்கும் அத்திருத்தம் காப்பளித்தது.

இவற்றையெல்லாம் ஒருங்கு வைத்துப் பார்க்கும்போது, அந்தப் பாட்டியாருக்குக் கூற ஒரு விடை எனக்குக் கிடைத்தது. அரசாங்கம் கேட்கக்கூடிய கேள்விகள் இரண்டு உண்டு. “இத்திருமணம் மெய்யாக நடந்ததா?” என்பது ஒன்று. “உங்கள் முறையில் நடப்பது திருமணமாகுமா?” என்பது மற்றொன்று. முதல் கேள்வி சான்று கேட்பது. எல்லா நாடுகளும் அதைக் கேட்கின்றன. நம் நாடும் கேட்கிறது. இந்தியரை மணந்த வெளிநாட்டவர், ஏழாண்டு இங்கே வாழ்ந்த பின்னரே நம் குடியுரிமைச் சட்டப்படி பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். பொய்த் திருமணங்களால் ஏமாற்றப்படும் பெண்களைக் காப்பதற்கும் சான்று வேண்டும். இரண்டாவது கேள்வி அத்தகையதன்று. அது ஒரு மக்களின் வாழ்வையே தகுதியற்றது என்று ஒதுக்குவது. வள்ளியம்மை எதிர்த்தது இரண்டாவது கேள்வியை.

ஆயினும் முதல் கேள்வியும் வரம்பு கடந்தால் கொடுமையாகிவிடும். கோப்பு மேசையில் ஆண்டுக்கணக்கில் உறங்குமானால், கடலின் இக்கரையில் ஒருத்தியின் இளமை கழிகிறது. சான்று கேட்கும் உரிமை உடையவருக்கு, காலத்தில் விடை கூறும் கடமையும் உண்டு.

நம் பங்கில் ஒரு கடமை இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் சட்டப்படி, தமிழ்நாட்டில் எந்தச் சமயத்தார் மணம் செய்துகொண்டாலும் அதனைப் பதிவு செய்தல் கட்டாயம். திருமண நாளிலிருந்து 90 நாட்களுக்குள் அதைச் செய்தல் வேண்டும். மண்டபத்துக்கும் விருந்துக்கும் இலட்சங்கள் செலவிடும் நாம், சார்பதிவாளர் அலுவலகத்துக்கு ஒரு முற்பகலைச் செலவிடத் தயங்குகிறோம். பின்னர் அதன் துன்பம் பெரும்பாலும் பெண்ணின் தலையில் விழுகிறது.

இதைச் சொன்னபோது பாட்டியார் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, “அப்ப அந்தப் புள்ள செத்தது நம்ம மாதிரி ஆளுகளுக்காகத்தானா?” என்றார். ஆம் என்றேன். காலம் கடந்த பதிவுக்கு வேண்டிய விவரங்களைக் கேட்டறிந்து, அடுத்த வாரம் நாங்கள் பதிவு அலுவலகத்துக்குச் சென்றோம். சாட்சிகளுள் ஒருவனாக நான் கையொப்பமிட்டேன். எத்தனையோ மாணவரின் சான்றிதழ்களில் கையொப்பமிட்ட கை இது. அன்று அது சற்றே நடுங்கியது. அப்பெண்ணின் விண்ணப்பத்துக்கு இன்னும் விடை வரவில்லை. தபால்காரர் மணியோசை கேட்டால் இன்றும் அவள் வாசலுக்கு வருகிறாள் என்று அவள் தந்தை கூறினார்.

மாணவ நண்பர்களே, மதுரைக்கு வரும்போது தமுக்கத்தில் உள்ள காந்தி நினைவு அருங்காட்சியகத்தைக் காணுங்கள். இராணி மங்கம்மாளின் அரண்மனையாக இருந்து, 1959 ஏப்ரல் 15ஆம் நாள் பிரதமர் நேருவால் அருங்காட்சியகமாகத் திறந்துவைக்கப்பட்ட கட்டடம் அது. காந்தியடிகள் அரையாடை பூண்டதும் இதே மதுரையில்தான். 1921 செப்டம்பர் 22ஆம் நாள். அவரை உருவாக்கிய தென்னாப்பிரிக்க ஆண்டுகளைப் பற்றி அங்கே படிக்கும்போது, கைக்குழந்தையுடன் சுரங்கத்துக்கு நடந்த பெண்களையும், பதினாறாவது வயதில் மறைந்த வள்ளியம்மையையும் எண்ணுங்கள். உங்கள் ஆசிரியர் அதை ஒரு வரியில் கடந்துவிட்டால், எழுந்து கேள்வி கேளுங்கள். அவர் உங்களை உட்காரச் சொன்னாலும், விடையைத் தேடாமல் விடாதீர்கள்.